நூறு வயசானா போதுமா?

ஜப்பானிய வாள் வாங்கி விற்பதில் பாதி விலை வாளுக்கு, மீதி காகிதத்துக்கு. அங்கே வாளுக்குப் பதிவுச் சான்று தருவது மாகாணக் கல்வி வாரியம். (ஆமாங்க, கல்வி வாரியமேதான்! வாள் அங்கே கலைப்பொருள்.) வெளிநாட்டுக்கு அனுப்ப கலாச்சாரத் துறையின் சான்று வேண்டும். தேசியப் பொக்கிஷம் என்றால் கதவு சாத்தியாச்சு.

திரும்ப உள்ளே போவதுதான் பெரிய தலைவலி. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏகப்பட்ட வாள்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள். இன்று பேரன் அதை மெருகேற்ற ஜப்பானுக்கே பார்சல் கட்டுகிறார். போர்க்காலத்தில் தொழிற்சாலையில் செய்த வாள் என்றால் அங்கே பதிவு கிடையாது. பதிவில்லாமல் வைத்திருந்தால் குற்றம். தாத்தாவின் நினைவுப்பொருள் அழிக்கப்படவும் கூடும்.

உலகச் சுங்கப் பட்டியலிலோ நூறு வருடம் தாண்டினால் 9706, அதாவது பழம்பொருள். அந்தக் கணக்குப்படி 1940-ன் தொழிற்சாலை வாளும் 2041-ல் பழம்பொருள் ஆகிவிடும். என்ன கணக்கோ! ஜப்பான் பார்ப்பது செய்த விதத்தை. பேரனுக்குக் கொடுமைதான், ஆனாலும் அந்த அளவுகோல்தான் நியாயம்.

அனுப்புகிறவர் முதலில் கைப்பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதியைப் படம் எடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டட்டும். பல தொழிற்சாலை வாள்களில் அங்கே சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். துருவைத் தேய்த்துவிடக் கூடாது, வாளின் வயதைச் சொல்வதே அதுதான்.