யாருக்கு ஓட்டு விழும்?

தேர்தலில் நிற்பது சுலபம். ஜெயிப்பதுதான் கஷ்டம்.

25 வயது நிரம்பியவர், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர், சட்டசபைக்கு நிற்கலாம். டிபாசிட் 10 ஆயிரம் ரூபாய். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால், அந்தப் பணம் திரும்பி வராது.

1996-ம் ஆண்டு மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். ஓட்டுச்சீட்டையே புத்தகம் போல் அச்சடிக்க வேண்டியதாயிற்று! ஜெயித்தவர் ஒருவரே.

அந்த ஒருவர் ஆவதற்கு என்ன வேண்டும்?

பெரியவர்களும் தோற்றார்கள்

"புகழ் வேண்டும்" என்பார்கள். புகழ் மட்டும் போதாது.

1962-ல் காஞ்சீபுரத்தில் அறிஞர் அண்ணா தோற்றார். பஸ் முதலாளி நடேச முதலியார் வென்றார். ஆனால், அதே தேர்தலில் அண்ணாவின் கட்சி 50 இடங்களைப் பிடித்தது. கட்சி வளர்ந்தது, தலைவர் தோற்றார்.

1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்றார். 9 ஆண்டுகள் முதல்-மந்திரியாக இருந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பகல் உணவும் தந்தவர். அவரை வென்றவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டுகள்தான்.

காரணம் என்ன? அப்போது அரிசித் தட்டுப்பாடு. 1965-ல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் தணியவில்லை. எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்து நின்றன. அடுப்பங்கரையில் இருந்த கோபம் ஓட்டுப்பெட்டிக்குள் போயிற்று.

இரண்டே ஆண்டில், 1969-ல், நாகர்கோவில் பார்லிமெண்ட் இடைத்தேர்தலில் அதே காமராஜர் வெற்றி பெற்றார். ஆள் மாறவில்லை. காலமும் தொகுதியும் மாறின.

ஆகவே, அபேட்சகரின் குணம் மட்டும் ஜெயிக்க வைப்பதில்லை. கட்சி, சின்னம், கூட்டணி, விலைவாசி எல்லாம் சேர்ந்தே வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன.

பணம் புகுந்தால்?

இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் பணம்.

பணப் பட்டுவாடா காரணமாக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர் பார்லிமெண்ட் தேர்தலும் ரத்தாயின. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டும் அல்ல, வாங்குவதும் குற்றம்தான்.

"ஜெயிக்கக்கூடியவர்" யார் என்று கட்சிகள் எப்படிப் பார்க்கின்றன? ஜனங்கள் எதற்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைக் கவனித்துத்தான். பணத்துக்கு ஓட்டு விழுந்தால், கட்சி பணக்காரரைத் தேடும். சாதிக்கு ஓட்டு விழுந்தால், சாதிக்காரரைத் தேடும். "எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் கொண்டு வருபவர் யார்?" என்று ஜனங்கள் கேட்டால், உழைப்பவரைத் தேடித்தான் ஆகவேண்டும்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் அளித்த தீர்ப்பின் பயனாக, ஒவ்வொரு அபேட்சகரும் தன் சொத்து, கடன், படிப்பு, கிரிமினல் வழக்கு விவரங்களைப் பிரமாண பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், அதை வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

"என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று நினைக்கக்கூடாது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தது வெறும் 1,285 ஓட்டு. சில தெருக்களின் ஓட்டுதான் அது!