மின்சாரக் கார் யாருக்கு?

தலைநகர் தில்லியில் ஒரு நடுத்தரக் குடும்பம் மின்சாரக் கார் வாங்கப் புறப்பட்டால், விற்பனை நிலையத்தில் பேசப்படுவது இரண்டே விஷயங்கள்தான்: விலை எவ்வளவு, ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும். இரவில் வண்டி எங்கே நிற்கும், அங்கே ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று கேட்பார் இல்லை. முடிவை நிர்ணயிக்க வேண்டியதோ அந்தக் கேள்விதான்.

கணக்கு எளிதானது. குடும்பத்துக்கு ஏற்ற மின்சாரக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடும். வீட்டு இணைப்பில் யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 95 ரூபாய் என்றால், ஆறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆனால், பொது விரைவு மின்னேற்ற நிலையத்தில் யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுக்க நேர்ந்தால், மின்சாரக் காரின் செலவும் மூன்று ரூபாயாகிவிடும். வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; பொது நிலையத்தின் மின்னேற்றச் சேவைக்கோ 18 சதவீத வரி.

மின்கலத்தை வாடகைக்குத் தரும் திட்டங்களும் வந்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் அறிமுகமான எம்ஜி விண்ட்சர் காரின் விலை மின்கலம் நீங்கலாக ரூ. 9.99 லட்சம், மின்கல வாடகை கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இந்த வாடகையையும் பொது நிலையத்தின் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், பெட்ரோல் செலவையே தாண்டிவிடுகிறது. சொந்தக் கொட்டகை உள்ளவருக்கு லாபம், தெருவில் நிறுத்துபவருக்கு நஷ்டம் என்பதுதான் இதன் பொருள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. 2019 ஆகஸ்டில் மின்வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார்களுக்கு மானியம் இல்லை. அதில் தவறும் இல்லை. பத்து லட்சத்துக்குக் கார் வாங்குபவருக்குக் கொடுப்பதைவிடப் பேருந்துக்குக் கொடுப்பதே நியாயம்.

சிக்கல் நிறுத்துமிடத்தில்தான். வாகன நிறுத்துமிடங்களில் 20 சதவீதத்துக்கு மின்னேற்ற வசதி தேவை என்று 2019-இல் மத்திய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தியது. மாதிரி விதி என்பதால், மாநிலங்கள் ஏற்றால்தான் அதற்கு உயிர். தில்லி அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை, முதல் 30,000 மின்னேற்றிகளுக்கு ஒன்றுக்கு ரூ. 6,000 வரை மானியம் அறிவித்தது. பாராட்டத்தக்கதுதான், ஆனால், அதைப் பொருத்தச் சுவர் வேண்டுமே! தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார்கள் பொதுவெளியில், கிடைத்த இடத்தில் நிற்கின்றன. மூன்றாம் மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிடுவது ஆபத்து. தனி மீட்டர் பொருத்தலாம் என்றால், குடியிருப்போர் நலச் சங்கம் சம்மதிக்க வேண்டும். தீப்பிடிக்கும் என்ற அச்சமும், பொது இடத்தில் ஒருவருக்கு மட்டும் உரிமையா என்ற பூசலும் அங்கே காத்திருக்கின்றன. அங்கீகாரமற்ற காலனிகளின் சந்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் உள்ள இணைப்பிலேயே வாகனத்துக்கு மின்னேற்றிக் கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வீடு மாடியிலும் வண்டி தெருமுனையிலும் இருப்பவருக்கு இந்த அனுமதியால் என்ன பயன்? தன் செலவில் மீட்டர் பொருத்திக்கொள்ள முன்வருபவரை, பாதுகாப்புக் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்காமல் எந்தச் சங்கமும் மறுக்கக்கூடாது என்று சட்டம் வர வேண்டும். தெருவோரம் நிற்கும் வண்டிகளுக்கு, விளக்குக் கம்பங்களிலிருந்தே வீட்டுக் கட்டணத்தில் மின்சாரம் தர விநியோக நிறுவனங்கள் பணிக்கப்பட வேண்டும். அதுவரை, தெருவில் நிறுத்தும் குடும்பம் ஒன்று மின்சாரக் காரை விட்டு சிஎன்ஜி காரைத் தேர்ந்தெடுத்தால், அதைக் குறைகூற அமைச்சர்களுக்கு உரிமை இல்லை.