வரைபடத்தில் ஒன்பது நிமிடம்

சித்தியின்ர மகன் போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். சார்ஜா, அல் நஹ்தா. ஆறு பேர் இருக்கிற அறையில் ஒரு கட்டில், மாதம் 550 திர்ஹம், எல்லாரும் எங்கட பக்கத்துப் பெடியள். வேலை கிடைத்திருப்பது டுபாய் பிஸ்னஸ் பேயில். "அண்ணை, இது ஓகேயா?" எண்டு கேட்டிருந்தான்.

"வேண்டாம்" எண்டு ஒரு சொல்லில் பதில் போட்டேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த நாள் சித்தியே கோல் எடுத்தா. "ஏன் தம்பி அவனைக் கூடின வாடகைக்குத் தள்ளுறாய்? ஊர்ப் பெடியளோட இருந்தா சாப்பாடு தண்ணிக்கும் கஷ்டம் இருக்காது. அங்க போய் உழைக்கிறதே மிச்சம் பிடிக்கத்தானே."

சித்திக்குப் போனில் விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இதே கேள்வியோடு இப்ப எத்தனையோ பேர் விமானம் ஏறுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். எனக்கு டுபாயில் இது ஆறாவது வருடம், நான்காவது வீடு. வீடு எண்டு சொல்வது ஒரு பழக்கதோஷம். முதல் மூன்றும் கட்டில்கள்தான்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம், சித்தி சொன்னதும் அதைத்தானே. பர் டுபாயில் அதே மாதிரி ஒரு கட்டிலுக்கு எனக்குத் தெரிந்தவர்கள் 900 கேட்டார்கள். வித்தியாசம் 350 திர்ஹம், எங்கட காசில் இருபத்தையாயிரத்துக்கு மேலே. பார்க்கப் பெரிய லாபம். ஆனால் டுபாய் மெற்றோ சார்ஜாவுக்குள் போகாது. எல்லை தாண்டும் பஸ்ஸுக்கு ஒரு வழிக்கு 10 திர்ஹத்துக்கு மேலே, பிறகு மெற்றோவுக்கு 5. போய்வர ஒரு நாளைக்குக் குறைந்தது 30. மாதம் 26 வேலைநாளுக்கு 780. பர் டுபாயில் பர்ஜுமன் ஸ்ரேசனில் ஏறினால் பிஸ்னஸ் பேய்க்குச் சிவப்புப் பாதையில் ஒரே ரெயின், மிஞ்சினால் ஒரு வழிக்கு 5, மாதம் 260. ஆக, 350 மிச்சம் பிடிக்கப் போய் 520 கூடச் செலவழிக்கிறான். இதில் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. சார்ஜாவில் நான் இருந்த எட்டு மாதமும் காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். இத்திஹாத் வீதியில் ஒரு சின்ன அக்சிடன்ற் நடந்தால் மூன்று. மாதம் நூறு மணித்தியாலத்துக்கு மேலே பஸ் யன்னலில் தலையை முட்டுக்கொடுத்துக் கொண்டு இருந்திருக்கிறேன். அந்த எட்டு மாதத்தில் நான் ஒரு புத்தகம் வாசிக்கவில்லை, ஒரு கோர்ஸ் படிக்கவில்லை, அம்மாவோடு நின்று நிதானமாக ஒரு கதை கதைக்கவில்லை. வாறது, குளிக்க வரிசையில் நிக்கிறது, படுக்கிறது.

சார்ஜாவிலேயே வேலை எண்டால் அங்கே இருப்பதில் ஒரு பிழையும் இல்லை. குடும்பமாய், காரோடு இருக்கிறவர்களின் கணக்கும் வேறு. நான் சொல்வது டுபாயில் வேலை, கையில் கார் இல்லை, முதல் வருடம் எண்டிருக்கிற ஆளுக்கு.

அடுத்தது நடை. ஊரில் இருந்து கொண்டு கூகிள் வரைபடத்தைப் பார்த்து அறை எடுக்கிற எல்லாரும் விழுகிற குழி இதுதான். "மெற்றோவுக்கு ஒன்பது நிமிச நடை" எண்டு போட்டிருக்கும். கோண்டாவிலில் ஒன்பது நிமிடம் நடப்பது வேறு. வேலி நிழல் இருக்கும், ஒரு வேப்பமரம் இருக்கும், வழியில் ஒரு கடையில் சோடா குடிக்கலாம். இங்கே ஜூலை, ஆகஸ்டில் பகல் 40 பாகைக்கு மேலே. கடல் பக்கத்து ஈரப்பதன் வேறு. கண்ணாடி போட்டவர் ஏசியில் இருந்து வெளியே கால் வைத்தவுடன் கண்ணாடி புகாராகிவிடும். ராத்திரி பத்து மணிக்கும் சூடு இறங்காது. ஜூன் 15 இல் இருந்து செப்டெம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணிவரை வெளிவெயிலில் வேலை செய்விக்கக் கூடாது எண்டு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிற ஊர் இது. அந்த வெயிலுக்குள்தான் உங்கள் ஒன்பது நிமிடம்.

அதுவும் ஒன்பது நிமிடமாக இருந்தால் பரவாயில்லை. ஷேக் சாயித் வீதிக்கு இந்தப் பக்கம் அறை, அந்தப் பக்கம் ஒஃபிஸ் எண்டு ஒருவர் சந்தோசமாக எடுத்தார். கண்ணுக்கு முன்னால் கட்டிடம் தெரியும், போகத்தான் ஏலாது. பன்னிரண்டு நிரை வாகனம். மெற்றோ ஸ்ரேசன் மேம்பாலத்தால் சுற்றிப் போனால் இருபத்தைந்து நிமிடம். குறுக்கால பாய்ந்தால் உயிருக்கும் ஆபத்து, பிடிபட்டால் தண்டமும். இந்த நகரத்தை வடிவமைத்தவர்கள் நடக்கிற ஆட்களை நினைத்து வடிவமைக்கவில்லை. பழைய பகுதிகள்தான் விதிவிலக்கு, அவை காருக்கு முந்தியே வந்தவை.

அதனால்தான் புதுசாக வருகிற ஆட்களுக்கு நான் பழைய டுபாயைச் சொல்வேன். கடற்கழியின் ஒரு கரையில் டெய்ரா, மற்றக் கரையில் பர் டுபாய். நடுவில் ஒரு திர்ஹத்துக்கு அப்ரா எண்ட சின்ன வள்ளம் போகும். கட்டிடங்கள் நெருக்கம், ஆளுக்காள் நிழல் கொடுக்கும். கீழே கடை, மேலே வீடு. இரவு பதினொன்றுக்கும் இடியப்பம் கிடைக்கும். கராமாவும் அப்படித்தான், ஆனால் இப்ப வாடகை ஏறிவிட்டது. சத்வாவில் தையல்கடைகளும் பிலிப்பைன்ஸ் ஆட்களும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. 2008இல் அதை இடித்துப் புது நகரம் கட்டப்போகிறோம் எண்டார்கள், பொருளாதாரம் சரிந்ததில் மிச்சம் தப்பிவிட்டது. இன்ரர்நஷனல் சிற்றியை யூரியூப்பில் எங்கட ஆட்கள் எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். சீனா, பாரசீகம், இங்கிலாந்து எண்டு கட்டிடத் தொகுதிக்கு நாட்டின் பெயர், வாடகை மலிவு. உண்மைதான். ஆனால் அங்கே மெற்றோ இல்லை. நீலப் பாதை வரும் எண்டு அறிவித்திருக்கிறார்கள், திகதி 2029 செப்டெம்பர் 9. உங்கட வேலை 2029இல் தொடங்குவதெண்டால் தாராளமாக எடுங்கோ.

இரவு வேலைக்காரர் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மெற்றோ பெரும்பாலான நாட்களில் நள்ளிரவோடு நின்றுவிடும். ஹொட்டேலில் ஒரு மணிக்கு ஷிப்ற் முடிகிறவருக்கு ஸ்ரேசன் பக்கத்தில் இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை. கொம்பனி வாகனம் எங்கே இறக்கும் எண்டு முதலே கேட்டு, அதற்குப் பக்கத்தில் தேட வேண்டியதுதான்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பு. "ஊர்ப் பெடியளோட இரு" எண்ட அறிவுரை. முதல் இரண்டு கிழமைக்கு அது ஒரு வரம். சிம் எடுக்க, மெடிக்கல் போக, எங்கே மலிவாகச் சாமான் வாங்கலாம் எண்டு காட்ட ஆள் வேணும். என்னையும் அப்படி நாலு பேர்தான் தாங்கினார்கள், அதை மறக்கமாட்டேன். ஆனால் இரண்டு வருடம் அதே அறை, அதே ஆறு பேர், அதே ஊர்க்கதை எண்டால் நீங்கள் நாட்டை விட்டு வந்ததாகவே தெரியாது. உங்கட சம்பளம் எவ்வளவு, யாரோடு கதைத்தீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள் எண்டு உங்களுக்கு முந்தி ஊருக்குச் செய்தி போகும். என்ர ஆங்கிலமும் ஹிந்தியும் திருந்தினது ஒரு மலையாளி அண்ணரோடும் ஒரு நேபாளிப் பொடியனோடும் ஒரே அறையில் இருந்த பிறகுதான். இப்ப இருக்கிற வேலையும் அந்த நேபாளிப் பொடியன் சொல்லித்தான் கிடைத்தது.

வாடகையைவிட, வெயிலைவிடப் பெரிய விசயம் கடதாசி. இங்கே வாடகை ஒப்பந்தத்தை "இஜாரி" எண்ட முறையில் பதிய வேண்டும். 2022இல் இருந்து அந்த வீட்டில் கூட இருக்கிறவர்களின் பெயர்களையும் செயலியில் பதியச் சொல்கிறார்கள். கட்டில் வாடகைக்கு விடுகிற பலர் இதைச் செய்வதில்லை. ஒரு ஆள் பிளற்றை எடுப்பார், பலகையால் மறைப்புப் போட்டு ஹோலை நாலாகப் பிரிப்பார், பல்கனியிலும் ஒரு கட்டில் போடுவார். சொந்தக்காரருக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருப்பார். உங்களுக்கு ரசீதும் இல்லை, பெயரும் இல்லை.

என்ர இரண்டாவது கட்டில் அப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பரிசோதகர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். மறைப்பெல்லாம் கழற்ற வேண்டும் எண்டார்கள். எங்களிடம் காசு வாங்கினவரின் போன் ஓஃப். பதினொன்றரைக்கு நாங்கள் ஒன்பது பேர் பெட்டிகளோடு நடைபாதையில். முற்பணமாகக் கொடுத்த ஒரு மாத வாடகை போனது போனதுதான். 2025 ஜூனிலும் ரிக்கா, சத்வா, பார்ஷா பக்கங்களில் இந்த மறைப்பு அறைகளுக்கு எதிராகப் பெரிய நடவடிக்கை எடுத்தார்கள். தீப்பிடித்தால் தப்ப வழியில்லை எண்ட காரணம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறைப்பைக் கழற்றச் சொன்னவர்கள், அந்தச் சம்பளத்தில் இருக்கிறவன் எங்கே படுப்பது எண்டு சொல்லவில்லை.

அந்த இரவு எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. 2007 ஜூன் 7 கொழும்பு லொட்ஜுகளில் இருந்து தமிழ்ச் சனத்தைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்களே, அந்தக் காலத்தில் மாமாவும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தவர். அவரை ஏற்றவில்லை, பக்கத்து லொட்ஜில் ஏற்றினதைப் பார்த்தவர். அது இனத்தைப் பார்த்து நடந்தது, உயர்நீதிமன்றம் தடுக்க வேண்டி வந்தது. இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனால் எந்த ஊரிலும் அரைமணித்தியாலத்தில் கட்டக்கூடிய அளவுக்குத்தான் சாமான் வைத்திருக்க வேணும் எண்டு மாமா இன்றைக்கும் சொல்வார். அந்தப் பழக்கம் எனக்கு வரக்கூடாது எண்டுதான் நான் இப்ப கடதாசியில் இவ்வளவு பிடிவாதம்.

"பச்சிலர்", "பமிலி" எண்ட இரண்டு சொற்களையும் சேர்த்துத் தெரிந்து கொள்ளுங்கள். இங்கே பச்சிலர் எண்டால் கலியாணம் ஆகாதவர் இல்லை. மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த நாற்பத்தைந்து வயது மனிதரும் பச்சிலர்தான். குடும்பங்களின் பகுதிகளில் இந்த ஆட்கள் இருக்கக் கூடாது. சார்ஜாவில் இதற்காக ஆட்களை எழுப்பியிருக்கிறார்கள். கட்டாரில் 2010இல் தொழிலாளர் தங்குமிடங்களைக் குடும்பப் பகுதிகளில் வைக்கக்கூடாது எண்டு சட்டமே வந்தது. குடும்பத்துக்காக உழைக்க வந்தவனைப் பார்த்து "நீ குடும்பம் இல்லாதவன்" எண்டு சொல்லி ஒதுக்குப்புறத்துக்கு அனுப்புகிற அந்தச் சொல்லை நாங்களும் கூச்சமில்லாமல் விளம்பரத்தில் போடுகிறோம்: "பச்சிலர்களுக்கு மட்டும், தமிழ்."

பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். என்னோடு வேலை செய்கிற மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று இடம் மாறியவ. அவ பார்க்கிற முதல் விசயம் வாடகை இல்லை. ஸ்ரேசனில் இருந்து வாசல்வரைக்கும் கடை திறந்திருக்கிறதா, வாசலில் காவலாளி இருக்கிறாரா, குளியலறைக்குப் பூட்டு இருக்கிறதா. இதைப் போனில் கேட்டால் விளம்பரக்காரர் சிரிக்கிறாராம். சிரித்தால் அந்த இடம் வேண்டாம் எண்டு அவ முடிவெடுத்துவிடுவா. ஆம்பிளைப் பெடியளும் இந்தக் கேள்விகளைக் கேட்டால் நல்லதெண்டு எனக்குப் படுகிறது.

இவ்வளவையும் எழுதுகிறபோது ஒரு குற்ற உணர்வும் இருக்கிறது. தெரிவு செய்ய முடிந்தவர்களைப் பற்றி மட்டும்தான் நான் கதைக்கிறேன். 50 பேருக்கு மேல் வைத்திருக்கிற கொம்பனி, 2000 திர்ஹத்துக்குக் குறைந்த சம்பளக்காரருக்குத் தங்குமிடம் கொடுக்க வேண்டும் எண்டு 2016 டிசெம்பரில் இருந்து விதி. நல்ல விதி. ஆனால் அந்தத் தங்குமிடம் எங்கே எண்டதைக் கொம்பனிதான் தீர்மானிக்கும். முஹைஸ்னாவில் சோனாப்பூர் எண்டு தொழிலாளர் முகாம்கள் இருக்கிற இடத்தின் பெயருக்கு ஹிந்தியில் பொன்னூர் எண்டு அர்த்தம். எங்கட ஊரில் இருந்து கட்டிட வேலைக்கு வந்த அண்ணைமார் பலருக்கு டுபாய் எண்டால் அந்த முகாம், கொம்பனி பஸ், வேலைத்தளம், மூன்றுமட்டும்தான். லீவு நாளில் கடற்கழிக்கரைக்கு வந்து அப்ராவில் ஒரு தரம் போய்த் திரும்புவார்கள்.

பாலைவனத்தில் வெள்ளமா எண்டு சிரிக்க வேண்டாம், அதையும் பாருங்கோ. 2024 ஏப்ரல் 16 பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கின பிறகு இந்த நாடு காணாத மழை. அல் ஐன் பக்கத்தில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர். வடிகால் இல்லாத தெருக்களில் நாட்கணக்காகத் தண்ணி நின்றது, சார்ஜாவில் கூட்டாளி ஒருத்தன் நாலு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. அறை பார்க்கப் போனால், "அண்டைக்கு இந்தத் தெருவில எவ்வளவு தண்ணி நிண்டது?" எண்டு கீழே கடைக்காரரைக் கேளுங்கோ. அவர் கையால் உயரம் காட்டுவார்.

தம்பி வந்திறங்கி இப்ப ஐந்து கிழமை. முதல் பத்து நாள் என்ர அறையில் நிலத்தில் படுத்தான். நான் அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்: எந்த அறையைப் பார்த்தாலும் பின்னேரம் போய்ப் பார்க்கக் கூடாது, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஸ்ரேசனில் இருந்து நடந்து போக வேண்டும். நாலு இடம் பார்த்தான். மூன்றில் பாதி வழியிலேயே திரும்பி வந்தான். கடைசியாக பர் டுபாயில் ஒரு அறையில் மூன்று பேரில் ஒருவனாக எடுத்திருக்கிறான், 1000 திர்ஹம். ஒப்பந்தத்தில் அவன்ர பெயரும் பதிந்திருக்கிறது. அறையில் மற்ற இரண்டு பேரும் ஒரு தெலுங்கரும் ஒரு கென்யாக்காரரும்.

போன ஞாயிறு சித்தி திரும்ப எடுத்தா. ஆயிரமா எண்டு ஒரு பாட்டம் பேசிவிட்டு, பிறகு குரலைத் தணித்துக் கேட்டா: "காலமை எத்தனை மணிக்கு எழும்புறானாம்?"

"ஏழரைக்கு, சித்தி."

"ஏழரைக்கோ? இஞ்ச இருக்கேக்க அஞ்சு மணிக்கு எழுப்பி விடுவன்" எண்டா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கென்யாக்காரப் பொடியன் சோறு சாப்பிடுவானோ எண்டு கேட்டா.