இலவச சீட் யாருடைய பணம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். ஆம்பூருக்கு வெளியே ஒரு காலனியில், ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு அக்காவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வு அவரைப் போன்ற பெண்களைப் பற்றியது. ஷூவின் மேல்பாகத்தை மிஷினில் தைப்பவர்கள், அவர்களுடைய கூலி, கழுத்துவலி, கம்பெனி வேன் வந்துபோகும் நேரம், இப்படி. என் கேள்விகளில் பாதிகூட முடியவில்லை, வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் உடற்கல்வி இயக்குநர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் புத்தம்புது ஃபுட்பால் பூட்ஸ். அவருக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் சென்னைக் கல்லூரி ஒன்றின் கோச் காரில் வந்துவிட்டார்.

இருவரும் தேடி வந்தது அக்காவின் மகனை. பாலாற்று மணலில் ஆடிப் பழகிய இடதுகால் விங்கர். குடியரசு தின விழாப் போட்டிகளில் அவன் ஆடியதை இருவருமே பார்த்திருக்கிறார்கள். வேலூர்க்காரர் சொன்னார்: இங்கேயே சேர்ந்தால் முதல் வருஷமே திருவள்ளுவர் பல்கலைக்கழக டீமில் இடம், சர்டிபிகேட் கைக்கு வரும். சென்னைக்காரர் சொன்னார்: அங்கே வந்தால் லீக் ஆடலாம், நாலு பேர் கண்ணில் படுவான், ரயில்வே, போலீஸ் என்று வேலைக்கு வழி இருக்கிறது. எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட இருவரும் ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். "ஃபீஸ் ஒரு பைசா வேணாம்மா, எல்லாம் ஃப்ரீ."

பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா சார்?" இரண்டு பேரும் டீ டம்ளரைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தெருவைத் தேடி வெளியாட்கள் எதற்கெல்லாம் வருவார்கள் என்று நமக்குத் தெரியும். சாவுக்குப் பறையடிக்க ஆள் வேண்டும், செத்த மாட்டை எடுக்க ஆள் வேண்டும், சாக்கடையில் இறங்க ஆள் வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டு வேண்டும். நம் வீட்டுப் பையன் ஒருவனுக்காக இரண்டு கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதை என் அப்பா காலத்தில் யாரும் பார்த்ததில்லை. எனவே, ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிகள் விளையாட்டுக்காகப் பிடித்துக்கொண்டு போகின்றன என்று புலம்ப நான் வரவில்லை. இரண்டு பேர் வந்தால்தான் பேரம். அந்தப் பேரத்தில் எதைக் கேட்பது என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் என் ஆத்திரம்.

ஜெயிப்பதற்காக நம்மைத் தேடி வருவது புதிதும் அல்ல. பல்வாங்கர் பாலூவை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளம் பராமரித்துக்கொண்டு, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசியவர். தோல் தொழிலோடு சேர்த்துக் கட்டப்பட்ட சாமர் சாதியில் பிறந்தவர். வெள்ளையர் அணியைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறி வந்தபோதுதான் அந்த ஊர் இந்து கிளப்புக்கு அவர் ஞாபகம் வந்தது. மைதானத்தில் அவர் வீசிய தோல் பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர். பிறகு பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளராக ஆண்டுக்கணக்கில் ஆடினார். கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை தரப்படவில்லை. அது அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிடைத்தது.

இன்றைய கல்லூரிக்கு என்ன வெறி? கோப்பை ஒன்று. அதைவிட முக்கியமாக நாக் மதிப்பீடு. கல்லூரிகளுக்குத் தரம் போடும் அந்த நாக் படிவத்தில், மாணவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள், மாநில, தேசியப் போட்டிகளில் வாங்கிய பதக்கங்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பும் கால்கள் இந்தப் பையனுடையவை. கல்லூரி தரும் சோறும் பூட்ஸும் கருணையல்ல, கொடுக்கல் வாங்கல். அதில் தப்பில்லை. ஆனால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

அந்த 'ஃப்ரீ'க்கு வருவோம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவருக்குப் பள்ளிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு, போஸ்ட் மெட்ரிக் என்று நாம் சொல்வது. கல்லூரியின் கட்டாயக் கட்டணங்கள் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்கும் இது உண்டு, ஆம்பூர்ப் பக்கம் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். 2012 செப்டம்பரில் ஆதிதிராவிடர் நலத்துறை போட்ட அரசாணை 92, சுயநிதிக் கல்லூரி மாணவர்களின் கட்டணத்தையும் இதற்குள் கொண்டுவந்தது. இப்போது மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. போதாததற்கு, அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தால் விளையாட்டு வீரர்களுக்கு முதலிலேயே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, தங்க ஆதிதிராவிடர் நல விடுதி.

அதாவது, அந்தத் திண்ணையில் இரண்டு பேரும் "நாங்க தர்றோம்" என்று சொன்ன கட்டணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அந்தப் பையனுடையது. அம்பேத்கர் காலத்திலிருந்து போராடி வாங்கிய உரிமையை, ஒரு கோச்சின் பெருந்தன்மையாகப் பொட்டலம் கட்டி அவனிடமே திருப்பித் தருகிறார்கள். உரிமையை வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்கலாம். 'ஃப்ரீ'யை வாங்குகிறவன் நாளைக்கு முட்டி போய்விட்டால் வாயைத் திறக்க முடியாது.

முட்டி என்று சும்மா சொல்லவில்லை. என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன், எங்கள் செட்டிலேயே நல்ல ஸ்டாப்பர். அவனையும் இப்படித்தான் இரண்டு கல்லூரிகள் இழுத்தன. ஜெயித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். முதல் வருஷம் ஹாஸ்டல், முட்டை, பால், ராஜமரியாதை. இரண்டாம் வருஷம் ஒரு போட்டியில் முழங்கால் லிகமெண்ட் கிழிந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை. இரண்டு மாதத்தில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். செமஸ்டர் தேர்வுக்கு முன் 'பாக்கிக் கட்டணம்' என்று ஒரு தாள் வந்தது. அவன் பெயர் உதவித்தொகைப் பட்டியலில் இருந்ததும், சேர்ந்த அன்றே நாலைந்து படிவங்களில் கையெழுத்து வாங்கியிருந்ததும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வேறு கல்லூரிக்குப் போகலாமென்றால் டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழ்களும் ஆபீஸ் பீரோவில். பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். ஏழு பேப்பர் அரியரோடு ஊருக்கு வந்தான். இப்போது ஒரு டேனரியில் டிரம்முக்குப் பக்கத்தில், ஈரத் தோலோடு வேலை. மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் நொண்டுகிறான். அவனிடம் ஒரு யுனிவர்சிட்டி சர்டிபிகேட் இருக்கிறது, லேமினேட் செய்து வைத்திருக்கிறான். டிகிரி இல்லாததால் அதை வைத்து விண்ணப்பிக்க நினைத்த வேலை எதற்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.

(அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அவனுக்கு அது பிந்திவிட்டது. உங்களுக்கு இல்லை.)

இந்தப் போட்டி பெரும் வணிகமாகவே நடக்கும் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஃபுளோரிடாவில் ஓகீசோபி ஏரிக்கரையில் பெல் கிளேட், பஹோக்கி என்று இரண்டு சின்ன ஊர்கள். கரும்புக் காடு, பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள். அறுவடைக்கு முன் தோகையைக் கொளுத்தும்போது வெளியே பாயும் முயல்களைத் துரத்திப் பிடித்து ஓடக் கற்றவர்கள் என்று அந்த ஊர்ப் பையன்களைச் சொல்வார்கள். டஜன் கணக்கில் அங்கிருந்து தொழில்முறை லீக்குக்குப் போயிருக்கிறார்கள். ஆள் எடுக்கும் கோச்சுகள் அந்தக் கரும்புக் காட்டுக்கு வராத வருஷமில்லை. ஆனால் அந்த நாட்டிலும் 1973இலிருந்து விளையாட்டு உதவித்தொகை என்பது வருஷா வருஷம் புதுப்பிக்கும் சமாச்சாரமாகத்தான் இருந்தது. சரியாக ஆடவில்லையா, அடுத்த வருஷம் கிடையாது. ஆட்டத்தைக் காரணம் காட்டி உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என்று அங்குள்ள பெரிய கல்லூரிகள் விதி கொண்டுவந்ததே 2015 ஜனவரியில்தான். அதற்கு முன்பே, 1955இல், கொலராடோவில் ரே டென்னிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி, 1957இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

தொழிலாளியா மாணவனா என்ற இந்தக் கேள்வி தோல் மண்டலத்தில் பிறந்த நமக்கு வேடிக்கையாக இல்லை. இங்கே கம்பெனியில் கை போனால் கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருக்கிறது, கிடைக்கிறதோ இல்லையோ. பாலாற்றைப் பாழாக்கியதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்தது. நிலம் போனவர்களுக்கு இழப்பீட்டு ஆணையம் என்று ஒன்று வந்தது. கல்லூரிக்காக ஆடிக் கால் போனவனுக்கு எந்த ஆணையம்?

ஆகவே பேரத்தின் பொருள் பூட்ஸ் அல்ல, டிகிரி. ஆடினாலும் ஆடாவிட்டாலும் மூன்று வருஷப் படிப்பும் விடுதியும் நிற்கும் என்று கல்லூரி முத்திரையோடு எழுத்தில் வேண்டும். மைதானத்தில் அடிபட்டால் மருத்துவச் செலவு கல்லூரியுடையது என்று வேண்டும். பாடப்பிரிவைப் பையன் தேர்வு செய்ய வேண்டும். நான் பேசிய பழைய வீரர்கள் பலரும், எந்தப் பிரிவில் இடம் மிஞ்சிக் கிடந்ததோ அதில் தள்ளப்பட்டவர்கள். லேப் நேரமும் பிராக்டிஸ் நேரமும் மோதும் என்பார்கள். மோதினால் பிராக்டிஸ் நேரத்தை மாற்றட்டும்.

இதையெல்லாம் நான் 'பையன்' என்றே எழுதிக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். அக்காவுக்கு ஒரு மகளும் இருக்கிறாள், அண்ணனைவிட ஒரு வயது சின்னவள். அவளும் ஆடுவாள், அண்ணனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவாள் என்று தெருவே சொல்கிறது. மதுரை சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்த மாநிலம் இது. கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போயிருக்கிறார். ஆனால் ஆம்பூர்க் காலனிக்குப் பெண் பிள்ளையைத் தேடி எந்தக் கோச்சும் வந்து நான் பார்க்கவில்லை. பிளஸ் டூ முடித்ததும் அவளைக் கூப்பிட வாசலுக்கு வருவது கம்பெனி வேன்தான்.

அன்றைக்குச் சாயந்தரம் நானும் அக்காவும் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதினோம். கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்று வருஷ விடுதி, அடிபட்டால் செலவு, கேட்டால் சான்றிதழ், உதவித்தொகைக் கணக்கு பையனுக்குத் தெரிய வேண்டும் என்பது. இரண்டு பிரதி. பக்கபலமாக அரசு கலைக் கல்லூரிக்கும் விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பம் போட்டோம். அக்கா இரண்டு பேருக்கும் தானே போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் பதினேழு வருசமா கம்பெனியில கையெழுத்து போட்டுத்தான் சம்பளம் வாங்கறேன். நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க."

சென்னைக் கோச் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. வேலூர்க்காரர் எட்டாவது நாள் வந்தார். முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். அடிபட்டால் செலவு என்ற வரியை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்கள். அக்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"இந்த ஒரு வரியத் திரும்ப எழுதிக்குடு தம்பி. சார் இருக்கும்போதே எழுது."