சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதா: இரு அவைகளிலும் ஜெயித்தும் கலிபோர்னியாவில் சட்டமாகாதது ஏன்?

ஆதரவு 34, எதிர்ப்பு 1. இப்படியொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கும் மசோதா சட்டமாகிவிடும் என்றுதானே நினைப்போம்? ஆகவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 2023-ம் ஆண்டு வந்த 'எஸ்.பி. 403' மசோதாவின் கதை இது. சாதியைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று மாகாணச் சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. கடைசியில் ஆளுநரின் மேஜையில் நின்றுபோனது.

சிலிக்கான் வேலியில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

மசோதாவைக் கொண்டு வந்தவர் யார்?

ஆயிஷா வஹாப். ஆப்கன் வம்சாவளியைச் சேர்ந்தவர், ஜனநாயகக் கட்சிக்காரர். சிறு வயதில் பெற்றோரை இழந்து, அரசு ஏற்பாடு செய்த வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்தவர். ஹேவர்ட் நகர மன்ற உறுப்பினராக இருந்து, 2022 நவம்பர் தேர்தலில் மாகாண செனட்டுக்குத் தேர்வானார். கலிபோர்னியா செனட்டில் நுழைந்த முதல் முஸ்லிமும் அவர்தான்.

அவருடைய தொகுதியைக் கவனிக்க வேண்டும். ஃபிரிமான்ட், சன்னிவேல், மில்பிடாஸ் என்று இந்தியர்கள் அதிகம் வசிக்கும் ஊர்கள் அதில் வருகின்றன. அதாவது, மசோதாவுக்கு ஆதரவாகப் பேசியவர்களிலும் அவருடைய வாக்காளர்கள் உண்டு, கடுமையாக எதிர்த்தவர்களிலும் உண்டு. பதவியேற்று நாலு மாதம்கூட ஆகாத நிலையில், 2023 மார்ச் 22 அன்று இந்த மசோதாவை அவர் அறிவித்தார்.

தனி உறுப்பினரே சட்டம் கொண்டு வர முடியுமா?

நம்ம ஊரில் மசோதா என்றால் அமைச்சர்தான் தாக்கல் செய்வார். அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். அங்கே ஆளுநரோ அவருடைய துறைச் செயலாளர்களோ அவையில் மசோதா தாக்கல் செய்ய முடியாது. ஆளுநருக்கு ஒரு சட்டம் வேண்டும் என்றாலும், யாராவது ஒரு உறுப்பினரைப் பிடித்து அவர் பெயரில்தான் கொண்டு வர வேண்டும்.

அதனால் ஒவ்வொரு மசோதாவும் ஏதாவது ஒரு உறுப்பினரின் பெயரோடுதான் பிறக்கிறது. மற்ற பல மாகாணங்களில் அந்த உறுப்பினரை 'ஸ்பான்சர்' என்பார்கள். கலிபோர்னியாவில் அவர் 'ஆதர்'. அங்கே 'ஸ்பான்சர்' என்றால் மசோதாவுக்கான யோசனையைக் கொடுத்து, பின்னால் நின்று வேலை பார்க்கும் அமைப்பு.

ஆதருக்கு வேலை அதிகம். குழுவில் நின்று விளக்க வேண்டும், சக உறுப்பினர்களிடம் ஓட்டு கேட்க வேண்டும், எதிர்ப்பு வந்தால் எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். பாராட்டும் அவருக்கே, திட்டும் அவருக்கே. வஹாபுக்கு மிரட்டல்கள் வந்தன. அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் முயற்சியும் தொடங்கியது. ஆனால் அது தேர்தல் வரை போகவில்லை.

இந்த மசோதா ஏன் தேவைப்பட்டது?

பேச்சு சூடுபிடித்தது ஒரு வழக்கில்தான். 2020 ஜூன் 30 அன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசின் சிவில் உரிமைத் துறையே வழக்கு போட்டது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு தலித் பொறியாளரை, ஆதிக்க சாதியைச் சேர்ந்த இரண்டு மேலதிகாரிகள் பாகுபடுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. சிஸ்கோ இதை மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்த இரு தனிநபர்கள் மீதான வழக்கை மட்டும் அரசு கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

அந்த வழக்கில் ஒரு அடிப்படைக் கேள்வி எழுந்தது. கலிபோர்னியா சட்டத்தில் இனம், நிறம், மதம், வம்சாவளி, பிறந்த நாடு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 'சாதி' என்ற வார்த்தை இல்லை. அப்படியென்றால் சாதிப் பாகுபாட்டை எந்தத் தலைப்பில் கொண்டு போவது?

இதற்கிடையே மற்ற இடங்களில் மாற்றம் வர ஆரம்பித்தது. அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரி 21 அன்று வாஷிங்டன் மாகாணத்தின் சியாட்டில் நகர மன்றம் 6-1 என்ற கணக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். ஆனால் ஒரு மாகாணம் முழுமைக்கும் என்று எங்கேயும் வரவில்லை. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் வஹாப் முயன்றார்.

எதிர்த்தவர்கள் சொன்னது என்ன?

இந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்தன. அவர்களுடைய வாதம் இரண்டு.

ஒன்று, சாதி என்றாலே அமெரிக்கர்களுக்கு இந்தியாவும் இந்து மதமும்தான் நினைவுக்கு வரும். சட்டத்தில் அந்த வார்த்தையைப் போட்டால் ஒரு சமூகத்தையே சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிடும். இரண்டு, இருக்கிற சட்டமே போதும், புதிதாக ஒன்று தேவையில்லை.

ஆதரவாளர்கள் இதை ஏற்கவில்லை. மசோதா எந்த மதத்தின் பெயரையும், நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. பிறப்பால் வரும் சமூக அந்தஸ்தை வைத்துப் பாகுபடுத்துவது எந்தச் சமூகத்தில் நடந்தாலும் தவறு என்றுதான் சொல்கிறது என்றார்கள். இந்தத் தரப்பில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் 'ஈக்வாலிட்டி லேப்ஸ்' அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன். தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தலித் செயற்பாட்டாளர்.

செனட்டின் நீதிக்குழு விசாரணைக்கு வந்தபோது, தங்கள் கருத்தைப் பதிவு செய்ய இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் வந்து நின்றார்கள்.

நடுவில் வந்த அந்த ஒரு திருத்தம்

முக்கியமான இடம் இதுதான்.

முதலில் வந்த மசோதாவில் 'சாதி' தனித் தலைப்பாக இருந்தது. அதாவது இனம், மதம் போல அதுவும் பட்டியலில் ஒன்று. 2023 மே 11 அன்று செனட்டில் 34-1 என்று நிறைவேறியது இந்த வடிவம்.

மசோதா கீழவையான அசெம்பிளிக்குப் போனதும் எதிர்ப்பு வலுத்தது. ஜூலையில் நீதிக்குழுவில் சமரசம் ஏற்பட்டது. சாதி தனித் தலைப்பு இல்லை. ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும் 'வம்சாவளி' என்ற சொல்லுக்கான விளக்கத்தில் சாதியும் அடங்கும் என்று மாற்றினார்கள்.

சிம்பிளாகச் சொன்னால், தனி ரேஷன் கார்டு கேட்டவர்களின் பெயரை, ஏற்கெனவே இருக்கும் குடும்ப அட்டையில் சேர்த்த மாதிரி.

மசோதா உயிர் பிழைக்க இந்த விட்டுக்கொடுப்பு உதவியது. ஆகஸ்ட் 28 அன்று அசெம்பிளியில் 50-3 என்று நிறைவேறியது. மாற்றப்பட்ட வடிவத்தை செனட் செப்டம்பர் 5 அன்று 31-5 என்று ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பு ஓட்டு ஒன்றிலிருந்து ஐந்தாகியிருந்தது. ஆனாலும் பெரிய வெற்றிதான்.

அடுத்து ஆளுநரின் கையெழுத்து. அதைக் கேட்டு ஆதரவாளர்கள் தலைநகர் சாக்ரமெண்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

ஆளுநர் ஏன் நிராகரித்தார்?

ஆளுநர் கேவின் நியூசம் வஹாபின் சொந்தக் கட்சிக்காரர்தான். ஆனாலும் 2023 அக்டோபர் 7 அன்று மசோதாவை வீட்டோ செய்தார்.

அவர் கொடுத்த காரணம் சின்னது. இனம், மதம், வம்சாவளி போன்ற தலைப்புகளில் பாகுபாடு ஏற்கெனவே தடை செய்யப்பட்டுள்ளது. அந்தச் சட்டங்களைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் மாகாணச் சட்டம் சொல்கிறது. சாதிப் பாகுபாடும் அந்தத் தலைப்புகளுக்குள் ஏற்கெனவே தடை செய்யப்பட்டதுதான். எனவே இந்த மசோதா தேவையில்லை என்றார்.

இப்போது ஜூலை திருத்தத்தை மறுபடி பாருங்கள். சாதி என்பது வம்சாவளியில் அடங்கும் என்று மசோதாவே சொல்லிவிட்டது. வம்சாவளி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அப்போ புதுச் சட்டம் எதற்கு என்று கேட்பது ஆளுநருக்கு சுலபமாகிவிட்டது. மசோதாவை அவையில் காப்பாற்றிய அதே சமரசம், ஆளுநர் மாளிகையில் அதை நிராகரிக்கவும் வழி செய்து கொடுத்தது.

2026 வரை காத்திருக்காமல் நியூசம் தேசிய அரசியலுக்குக் கணக்குப் போடுகிறார் என்று அப்போதே பேச்சு இருந்தது. ஆனால் அவருடைய வீட்டோ குறிப்பில் சட்டக் காரணம் மட்டுமே இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு தன்னிடம் வந்த 1,046 மசோதாக்களில் 156-ஐ அவர் வீட்டோ செய்தார். நிராகரிக்கப்பட்டது இது ஒன்று மட்டும் அல்ல.

வீட்டோவை மீறி நிறைவேற்ற முடியாதா?

முடியும். இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். செனட்டில் 40-க்கு 27, அசெம்பிளியில் 80-க்கு 54.

செனட்டில் கிடைத்த 31 போதும். அசெம்பிளியில் கிடைத்தது 50, நாலு குறைவு. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் மூன்று பேர்தான். மீதி 27 பேர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. அதோடு, சொந்தக் கட்சி ஆளுநரை எதிர்த்து ஓட்டுப் போட யாரும் அங்கே துணிவதில்லை. கலிபோர்னியாவில் வீட்டோவை மீறி ஒரு மசோதா நிறைவேறி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நம்ம ஊரில் இது எப்படி?

இந்தியாவிலும் தனிநபர் மசோதா கொண்டு வர வழி இருக்கிறது. ஆனால் ஜெயிப்பது அபூர்வம். நாடாளுமன்றத்தில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியுள்ளன. கடைசியாக ஆனது 1970-ல். திருநங்கையர் உரிமைக்காக திமுக எம்.பி. திருச்சி சிவா கொண்டு வந்த மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது பெரிய செய்தியானது. அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை.

ஆளுநர் விஷயத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. கலிபோர்னியா ஆளுநர் வழக்கமாக 12 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையெழுத்தும் போடாமல், வீட்டோவும் செய்யாமல் விட்டால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும். கூட்டத்தொடர் முடிவில் குவியும் மசோதாக்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம். 2023-ல் அதற்குக் கடைசி நாள் அக்டோபர் 14. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுதியும் கொடுக்க வேண்டும்.

இங்கே அரசியல் சட்டத்தின் 200-வது பிரிவில் அப்படி நாள் கணக்கு கிடையாது. தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் விவகாரத்தில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்ததும், பின்னர் நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நீதிமன்றம் அப்படி விதிக்க முடியாது என்று கருத்து சொன்னதும் நமக்குத் தெரிந்த கதைதான்.

அப்போ பாதிக்கப்பட்டவருக்கு இப்போது வழி என்ன?

ஒரு சாதாரண ஊழியரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். எச்-1பி விசாவில் இருக்கிறார். வேலை போனால் பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு நிறுவனம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மேலாளரும் இந்தியர். "உங்க அப்பா பேர் என்ன, எந்தத் தெரு, வெஜிடேரியனா?" என்ற கேள்விகளுக்கு உள்ளே இருக்கும் கேள்வி என்ன என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்க எச்.ஆர். அதிகாரிக்கு அது புரியாது. புகார் படிவத்தில் 'சாதி' என்ற வார்த்தை இல்லாவிட்டால், பாதிக்கப்பட்டவர் முதலில் சாதி என்றால் என்னவென்று பாடம் நடத்த வேண்டும். தன் சாதியைத் தானே வெளியே சொல்லவும் வேண்டும். 'ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே' என்ற பதில் இவருக்குப் போதுமா என்பதுதான் எஸ்.பி. 403 எழுப்பிய உண்மையான கேள்வி.

அதே நேரம், கதவு முழுதாக மூடிவிடவும் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால், பாகுபாடு நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் கலிபோர்னியா சிவில் உரிமைத் துறையில் புகார் கொடுக்கலாம். வம்சாவளி என்ற தலைப்பில் கொடுக்கலாம். சாதிப் பாகுபாடு இப்போதே சட்டவிரோதம்தான் என்று ஆளுநரே எழுதிக் கொடுத்திருப்பதை வழக்கறிஞர்கள் சுட்டிக்காட்டவும் முடியும். நீதிமன்றம் அதை அப்படியே ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நகர அளவிலும் வேலை நிற்கவில்லை. வீட்டோவுக்குச் சில நாட்கள் முன்பு, 2023 செப்டம்பர் 28 அன்று, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. சியாட்டிலுக்கு அடுத்த இரண்டாவது அமெரிக்க நகரம் அது.

ஒரு புதிய உறுப்பினர், பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே, இரண்டு அவைகளையும் சாதியைப் பற்றிப் பேச வைத்தார். சட்டம் வரவில்லை. ஆனால் 'அமெரிக்காவில் சாதியெல்லாம் இல்லை' என்று இனி அங்கே யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மசோதாவை நிராகரித்த ஆளுநரும் அப்படிச் சொல்லவில்லை, அது ஏற்கெனவே தடை செய்யப்பட்டது என்றுதான் சொன்னார்.