எந்தக் கைப்பேசியில் அளந்தீர்கள்?

கைப்பேசிக் கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் எடுத்து விடுவது ஒரு பெரிய எண்ணைத்தான். “போன வருஷ மாடலைவிட இது இத்தனை ஆயிரம் புள்ளி அதிகம்” என்பார். செயலிகளை உருவாக்கும் எங்கள் துறையிலும் இதே கதைதான். “புதிய பதிப்பு இரு மடங்கு வேகம்” என்று கூட்டத்தில் யாராவது அறிவித்தால், நான் கேட்கும் முதல் கேள்வி இது: “எந்தக் கைப்பேசியில், எப்போது அளந்தீர்கள்?”

ஏன் அப்படிக் கேட்கிறேன்? நிரலாளர் எழுதும் வரிகள் கைப்பேசியின் சில்லுக்கு நேரடியாகப் புரியாது. அவற்றைச் சில்லின் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளைக் கம்பைலர் என்கிறோம். மேடையில் ஒருவர் மலாயில் பேசப் பேச, பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்லலாம். அல்லது முழு உரையையும் முன்பே தமிழாக்கி, அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடலாம். முதல் வழியில் உடனே தொடங்கலாம். ஆனால் பேச்சு இழுக்கும். இரண்டாவதில் முன்வேலை அதிகம். வாசிப்பு வேகமாக முடியும்.

ஐபோன் செயலிகள் முன்பே மாற்றப்பட்டு வருபவை. ஆண்ட்ராய்டு இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தது. 2010இல் வந்த 2.2 பதிப்பு, செயலி ஓடும்போதே அடிக்கடி தேவைப்படும் பகுதிகளை மட்டும் மாற்றியது. 2014இல் வந்த 5.0, செயலியை நிறுவும்போதே முழுவதையும் மாற்றியது. வேகம் கூடியது, நிறுவும் நேரமும் பிடிக்கும் இடமும் சேர்ந்தே கூடின. அந்தக் காலத்தில் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, செயலிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியபடி கைப்பேசி நம்மைக் காக்க வைத்தது நினைவிருக்கிறதா? அது இந்த வேலைதான். 2016இல் வந்த 7.0 இரண்டையும் கலந்தது. நாம் எந்தப் பகுதியை அதிகம் பயன்படுத்துகிறோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, கைப்பேசி சும்மா சார்ஜில் கிடக்கும்போது அந்தப் பகுதிகளை மாற்றி வைக்கிறது.

ஆகவே ஒரே கைப்பேசியில் ஒரே செயலி, நிறுவிய அன்று ஒரு வேகத்திலும் சில நாள் கழித்து வேறு வேகத்திலும் ஓடலாம். எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அளப்பதில் வேறு பொறிகளும் உண்டு. பிழை தேடுவதற்காக நாங்கள் வைத்திருக்கும் பதிப்பும் உங்களுக்கு வரும் பதிப்பும் ஒன்றல்ல. முன்னதை அளந்துவிட்டுச் செயலி மந்தம் என்று சொல்வது, ஒத்திகையைப் பார்த்து நாடகத்துக்கு விமர்சனம் எழுதுவது போன்றது.

கம்பைலரின் கெட்டிக்காரத்தனமும் ஏமாற்றும். ஒரு கோடி முறை கூட்டச் சொல்லி நேரம் பார்க்கிறோம் என்று வையுங்கள். அந்த விடையை வேறெங்கும் பயன்படுத்தாவிட்டால், “இது வீண் வேலை” என்று கம்பைலர் அதை நீக்கிவிடக்கூடும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்ததாக எண் வரும். நடக்காத வேலைக்குக் கிடைத்த வேகம் அது.

அடுத்தது சூடு. சூடேறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்சாதன அறையில் ஒரே ஒரு முறை அளந்த எண், உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் செல்லாது.

சராசரியும் அப்படித்தான். விநாடிக்கு 60 முறை மாறும் திரையில், ஒவ்வொரு காட்சிக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. நூற்றில் 95 காட்சிகள் நேரத்துக்கு வந்து ஐந்து தடுமாறினால் சராசரி அழகாகவே இருக்கும். பயனருக்கு நினைவில் நிற்பது அந்த ஐந்துதான்.

எண்ணுக்கு மதிப்பு கூடினால் எண்ணுக்காகவே வேலை செய்வதும் வந்துவிடும். 2013இல் சாம்சுங் கேலக்ஸி எஸ்4 கைப்பேசியின் ஒரு வகை, குறிப்பிட்ட சில வேகச் சோதனைச் செயலிகள் ஓடும்போது மட்டும் தன் வரைகலைச் சில்லை மற்ற நேரத்தைவிட வேகமாக ஓட்டியது வெளிச்சத்துக்கு வந்தது. 2022இல் வேறு விதம். கேலக்ஸி எஸ்22 உள்ளிட்ட மாடல்கள் பல செயலிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிட்டு, சோதனைச் செயலியை மட்டும் விட்டுவைத்தன. கீக்பெஞ்ச் அவற்றைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஏமாற்று எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. செயலி செய்பவர்களின் கையில் பெரும்பாலும் விலை உயர்ந்த புதுக் கைப்பேசி. அதைப் பயன்படுத்துவோரில் பலரிடம் மகனோ மகளோ மாற்றிக் கொடுத்த பழையது. உணவுக் கடையில் பின்னால் வரிசை நீள, பணம் செலுத்தும் செயலி திறக்காமல் நிற்கிறது. அந்தப் பெரியவர் செயலியைக் குறை சொல்ல மாட்டார். “எனக்கு இதெல்லாம் வராது” என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு காசைத் தேடுவார். எங்கள் அறையில் யாரும் அளக்காத ஐந்து விநாடிதான் அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. முழுவதும் மூடியிருந்த செயலி திறக்க ஐந்து விநாடிக்கு மேல் எடுத்தால், அது மிக அதிகம் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

இத்துறையில் இருக்கும் இளையர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பயனர்களிடம் உள்ளதிலேயே மலிவான கைப்பேசியை வாங்கி வையுங்கள். கடைக்குப் போகும் பதிப்பை, புதிதாக நிறுவிய நிலையில், பலமுறை அளந்து பாருங்கள். சராசரியோடு நிறுத்தாமல் மிக மெதுவான ஓட்டங்களையும் கூட்டத்தில் காட்டுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: கைப்பேசி வாங்கும்போது புள்ளிகளை ஒரு பக்கம் வையுங்கள். தினமும் பயன்படுத்தும் நான்கு செயலிகளைக் கடையிலேயே திறந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மென்பொருளைப் புதுப்பித்த பிறகு ஓர் இரவு கைப்பேசியைச் சார்ஜில் விட்டுவிடுங்கள். மறுநாள் வேகத்தைப் பார்த்துவிட்டு, புதியது வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.