சூடிக்கொடுத்த மாலையும் முப்பது நாள் அறிவிப்பும்

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகிறது. அதை அணிந்துகொண்டுதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். அன்றிரவு வண்டியூரில் தங்கல். அங்கே துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் காதலியின் வீட்டுக்குப் போகிறார் என்பது சனங்களின் பேச்சு, தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். திருவரங்கத்தில் இது இன்னும் வெளிப்படை. அரங்கனைத் தேடி டில்லியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சுல்தான் மகளுக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் உண்டு. ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சற்றே சங்கடமான உறவுமுறைதான். ஆண்டாளை மணந்த அரங்கன் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை அல்லவா?

இந்தக் கதையை மத நல்லிணக்கச் சான்றாக மேடைகளில் எடுத்து வீசுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. 1311இல் டில்லிப் படையோடு மாலிக் காபூர் திருவரங்கத்துக்கு வந்தார். 1323இல் உலுக்கானின் படை வந்தது. ஊரைவிட்டுப் போன அரங்கனின் உற்சவர் திரும்பி வந்தது 1371இல். அந்தக் காயத்தின்மேல் வைணவர்கள் தடவிக்கொண்ட மருந்து இது: வென்றவன் மகளே நம் பெருமாளிடம் தோற்றுவிட்டாள். ஆனாலும் கதை தேர்ந்துகொண்ட திசையைக் கவனிக்க வேண்டும். பெண் முஸ்லிம், மணமகன் வேற்று மதம். இஸ்லாமியச் சட்டம் மிக உறுதியாகத் தடுத்த உறவு அதுதான்.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் (2:221) இணைவைப்போரை மணப்பதை இருபாலருக்கும் விலக்குகிறது. ஐந்தாம் அத்தியாயம் (5:5) யூத, கிறிஸ்தவப் பெண்களை மணக்க முஸ்லிம் ஆணுக்கு மட்டும் வழிவிடுகிறது. பெண்ணுக்கு அந்த வழி இல்லை என்பதில் சுன்னி மத்ஹபுகள் (சட்ட மரபுகள்) நான்கும் ஷியாக்களும் ஒரே குரல். குடும்பத்தில் அதிகாரம் கணவனுடையது, பிள்ளை தந்தையின் மார்க்கத்தில் வளரும் என்பதே சட்ட அறிஞர்கள் சொன்ன காரணம். அந்தக் காலத்துச் சமூகங்கள் பெரும்பாலும் இதை மறுத்திருக்காது. துனீசியா 2017இல் இந்தத் தடையை அரசு அளவில் நீக்கியபோது, துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெண்ணுக்கும் சமம் என்பதே வாதமாக இருந்தது.

சட்டம் இப்படி இறுகுவதற்கு முந்தைய ஒரு நிகழ்வு நபியின் வீட்டிலேயே நடந்தது. மூத்த மகள் ஸைனபின் கணவர் அபுல் ஆஸ் இஸ்லாத்தை ஏற்கவில்லை. 624இல் பத்ருப் போரில் எதிரணியில் நின்று பிடிபட்டார். மக்காவில் இருந்த ஸைனப், தாய் கதீஜா தமக்குப் போட்டனுப்பிய கழுத்தணியை மீட்புத் தொகையாக அனுப்பிவைத்தார். அதைப் பார்த்த நபி கலங்கிப்போய், தோழர்களின் சம்மதத்தோடு அணியைத் திருப்பிக் கொடுத்து மருமகனையும் விடுவித்தார். ஸைனப் மதீனாவுக்கு வந்துவிட, தம்பதியர் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தனர். பிறகு அபுல் ஆஸ் தாமாகவே இஸ்லாத்துக்கு வர, இருவரும் சேர்ந்தார்கள். பழைய நிக்காஹிலேயே சேர்த்துவைத்தார் என்கிறது இப்னு அப்பாஸின் அறிவிப்பு. புது நிக்காஹ், புது மஹர் (மணக்கொடை) என்கிறது இன்னொன்று. இந்த இரண்டில் எது சரி என்று நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள். மதம் மாறிய மனைவி மாறாத கணவனோடு வாழலாமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய ஃபத்வா குழு 2001இல் இடம்கொடுத்துப் பதில் சொன்னபோதும் இந்த வரலாறு உதவிக்கு வந்தது.

தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபினர். உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபிகள். ஹனஃபி மரபில் அடியோடு செல்லாத திருமணம் வேறு, குறையுள்ள திருமணம் வேறு. முன்னது பாத்தில், பின்னது ஃபாஸித். இந்தப் பகுப்பை இந்திய நீதிமன்றங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. கேரளத்துச் சொத்து வழக்கொன்றில் 2019 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: முஸ்லிம் ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் நடந்த திருமணம் ஃபாஸித், மனைவிக்கு மஹர் உண்டு, கணவன் சொத்தில் பங்கில்லை, பிள்ளை முறையான வாரிசு, தந்தை சொத்தில் பங்கு உண்டு. உறவை ஒப்பாமலே, அதில் பிறந்தவரைத் தெருவில் விடாத ஏற்பாடு. தடையை மட்டும் உரக்கப் பேசும் மதவாதிகளும், அதைக் காட்டியே இஸ்லாத்தை ஏசுகிறவர்களும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. மனைவி சொத்தில் பங்கின்றி நிற்பதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையிலோ கல்லூரியிலோ ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் விரும்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுயமரியாதைத் திருமணம் போதும் என்று நண்பர்கள் சொல்வார்கள். போதாது. இந்துத் திருமணச் சட்டத்தில் அண்ணா 1967இல் கொண்டுவந்த 7-ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே. இவர்களில் யாரும் மதம் மாறாமல் முறையாக மணக்க இருக்கும் ஒரே வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். 1872இல் வந்த முதல் சட்டம் இருவரும் தம் மதத்தைத் துறந்ததாகச் சொல்லச் சொன்னது. 1954 சட்டம் அதைக் கேட்கவில்லை. அதன்படி மணந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கும் பங்கு கிடைக்கும், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு.

ஆனால் அந்த வழியில் சார்பதிவாளர் அலுவலகப் பலகை குறுக்கே நிற்கிறது. இருவரின் பெயர், முகவரியோடு முப்பது நாள் அறிவிப்பு தொங்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். சென்னைக்கு ஓடிப் பதிந்தாலும், நிரந்தர முகவரி இருக்கும் ஊருக்கு அறிவிப்பு நகல் வந்து சேரும். வீட்டுக்குப் பயந்து ஓடியவர்களை வீட்டாரிடம் அரசே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இது. நிக்காஹுக்கோ கலிமா சொல்லி, இரண்டு சாட்சிகளோடு ஜமாஅத் தப்தரில் (பதிவேட்டில்) கையெழுத்திட்டால் ஒரு பொழுதில் வேலை முடிந்தது. எதிர்த்திசையில் இந்துவாக மாறிக் கோயிலில் தாலி கட்டுவதும் அப்படித்தான். நம்பிக்கையால் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உரிமை அது. அவசரத்துக்கு மாறுகிறவர்களை உருவாக்குவது இந்தப் பலகை.

திருமணத்துக்காக மதம் மாற்றுகிறார்கள் என்று கொதிக்கிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அறிவிப்பை வெளியிடுவது மணமக்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும். அதுவரை, 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து இரண்டே ஆண்டில் அதைக் கைவிட்ட தமிழ்நாடு, மணமக்கள் எழுதிக் கேட்டாலொழிய அறிவிப்பைப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்ற நிலையை எடுத்து, அதற்காக நீதிமன்றத்தில் வாதாடவாவது முன்வர வேண்டும்.